குதிரைக்குக் குளிர்ந்தால் யாருக்கு லாபம்?

2018 அக்டோபரில் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற கேம் வெளிவந்தது. அமெரிக்க கௌபாய் கதை. அதில் பனி மலையில் குதிரையேறிப் போகும்போது, குளிர் தாங்காமல் ஆண் குதிரையின் விதைப்பை சுருங்கும். கீழே வெயிலுக்கு இறங்கினால் பழையபடி ஆகிவிடும். ஜோக் இல்லை, நிஜமாகவே கேமில் இருக்கிறது. யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து இதைச் செய்திருப்பார். சரியாகத்தான் சுருங்குகிறதா என்று இன்னொருவர் சோதித்திருப்பார். மேனேஜர் ஒருவர் ஓகே சொல்லியிருப்பார். கேம் ரசிகர்களும் "அடடா, என்ன டீடெய்ல், என்ன கிராபிக்ஸ்!" என்று புல்லரித்துப் போனார்கள்.

அதே மாதம் அந்த கேமைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனத்தின் டான் ஹவுஸர், வாரத்துக்கு 100 மணி நேரம் வேலை பார்த்ததாக ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அது தன்னையும் சேர்த்து நான்கு பேர் கொண்ட எழுத்துக் குழுவைப் பற்றி மட்டும் சொன்னது என்று பிறகு விளக்கம் வந்தது. குதிரைக்குக் குளிர்ந்ததைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த 100 மணி நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதுதான் விஷயம்.

இணையத்தில் அடிக்கடி ஒரு படம் சுற்றி வரும். இடது பக்கம் 1996-ல் வந்த 'டூம்ப் ரெய்டர்' லாரா கிராஃப்ட், அட்டைப்பெட்டியில் வெட்டி ஒட்டியது போல. வலது பக்கம் இப்போதைய லாரா, வியர்வைத் துளியோடு. கீழே "கிராபிக்ஸ் எங்கிருந்து எங்கே வந்துவிட்டது பாருங்கள்" என்று ஒரு வரி. பற்று, வரவு இரண்டும் எழுத வேண்டிய கணக்குப் புத்தகத்தில் வரவை மட்டும் எழுதிக் காட்டினால் எந்தக் கடையும் லாபத்தில் ஓடுவது போலத்தான் தெரியும். அந்தப் படமும் அப்படிப்பட்ட கணக்குதான். அந்த வியர்வைத் துளிக்கு எத்தனை கோடி, எத்தனை வருடம், எத்தனை பேர் வேலை என்று பற்றுப் பக்கத்தையும் நிரப்பிப் பார்த்தால் 'முன்னேற்றம்' என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

உடனே "அப்போ எல்லாரும் பழையபடி 'பாங்' ஆடலாமா?" என்று சண்டைக்கு வருவார்கள். வேண்டாம். 1972-ல் அடாரி வெளியிட்ட 'பாங்'கில் இரண்டு கோடு, ஒரு புள்ளி. அதிலேயே நின்றிருந்தால் வீடியோ கேம் என்ற தொழிலே இருந்திருக்காது. கிராபிக்ஸ் வளர்ந்தது நல்லதற்குத்தான். ஆனால் எது வரைக்கும், எதற்காக வளர்ந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆரம்ப காலத்தில் கிராபிக்ஸும் ஆட்டமும் ஒரே உடம்பு. 1978-ல் டோமோஹிரோ நிஷிகாடோ 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' செய்தபோது, திரை நிறைய வேற்றுக்கிரக ஜந்துக்களை ஒரே நேரத்தில் வேகமாக வரைய அந்த இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. சுடச்சுட எண்ணிக்கை குறைந்தது, வரைய வேண்டிய வேலை குறைந்தது, மிச்சமிருந்தவை வேகமெடுத்தன. அவர் அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். கடைசி ஒன்று மட்டும் தலைதெறிக்க ஓடும்போது வருகிற படபடப்பு இருக்கிறதே, அதுதான் அந்த ஆட்டத்தின் உயிர். வந்தது இயந்திரத்தின் இயலாமையிலிருந்து!

மரியோவின் கதையும் அப்படித்தான். 1981-ல் 'டாங்க்கி காங்' கேமுக்காக மியாமோட்டோ அந்த உருவத்தை வரைந்தபோது கையில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய பிக்ஸல்கள். முடி வரைய முடியாததால் தொப்பி, வாய் வரைய முடியாததால் மீசை. 1985-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' முழு கேமும் 40 கேபி (இன்றைக்கு ஒரு மொபைல் போட்டோவே அதைப் போலப் பல மடங்கு). இடத்தை மிச்சம் பிடிக்க, மேலே வெள்ளையாக மிதக்கும் மேகத்தையே பச்சை நிறம் மாற்றிக் கீழே புதராக வைத்தார்கள். தமிழ்நாட்டில் தொண்ணூறுகளில் "9999 இன் 1" என்று புளுகிய கேசட்டைச் செருகி, கிழக்கே ஓடிக் கொடிக்கம்பத்தைப் பிடித்த பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? மேகம் மேகமாகத்தான் தெரிந்தது, புதர் புதராகத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தாவலும் ஆடுகிற விதத்தையே மாற்றியது. 1993 டிசம்பரில் இட் சாஃப்ட்வேரின் 'டூம்' வந்தது. பார்க்க முப்பரிமாணம் போல இருந்தாலும் அது முழு முப்பரிமாணம் இல்லை. ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறை வைக்க முடியாது, தலையை நிமிர்த்தி மேலே பார்க்க முடியாது. 1996-ல் அதே நிறுவனத்தின் 'குவேக்' வந்ததும் இரண்டும் முடிந்தது. எதிரி இப்போது தலைக்கு மேலே இருக்கலாம்! அதே வருடம் 'சூப்பர் மரியோ 64' வந்தது. முப்பரிமாண உலகத்தில் ஆட்டக்காரன் எதைப் பார்ப்பது என்ற புதுப் பிரச்சினைக்கு, கேமராவைத் தூக்கிக்கொண்டு மேகத்தில் பறக்கும் ஒரு பாத்திரத்தையே உள்ளே வைத்துவிட்டார்கள். 2004-ல் 'ஹாஃப் லைஃப் 2'-ல் பொருட்களுக்கு எடை வந்தது, அவற்றைத் தூக்கி எறிவதே ஆயுதமானது. 2005-ல் 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' கேமில் நடமாடும் ராட்சசனே ஏறவேண்டிய மலை. பிளேஸ்டேஷன் 2 மூச்சு வாங்கியது, படம் சில இடங்களில் திக்கித் திக்கி ஓடியது, யாரும் கவலைப்படவில்லை. இங்கெல்லாம் புது கிராபிக்ஸ் என்றால் அதற்கு முன் ஆடவே முடியாத ஆட்டம் என்று அர்த்தம்.

2007 நவம்பரில் 'கிரைசிஸ்' வந்தது. அன்றைக்கு வீட்டில் இருந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதைப் பார்த்ததும் படுத்துவிட்டன. "உங்க கம்ப்யூட்டர்ல கிரைசிஸ் ஓடுமா?" என்பது உலகம் முழுக்க ஒரு கிண்டலாகவே ஆனது. கோடு போட வேண்டுமென்றால் அங்கே போடலாம். அதற்குப் பிறகு வந்த கிராபிக்ஸ் முன்னேற்றங்களில், ஆட்டத்தையே மாற்றியது எது என்று கேட்டால் பதில் சொல்ல ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். முடி இழை இழையாக ஆடுகிறது. சேற்றுத் தண்ணீரில் கடை போர்டு பிரதிபலிக்கிறது. பார்க்க அழகுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் ஓடு, ஒளி, சுடு, ஏறு என்கிற வேலைகள் அதே வேலைகள்.

காமர்ஸ் குரூப் எடுத்த யாரும் 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'யைத் தாண்டி வந்திருக்க முடியாது. முதல் ஆப்பிளில் இருக்கிற திருப்தி ஐந்தாவது ஆப்பிளில் இருக்காது என்கிற அதே விதி. திரைக்கும் அது பொருந்தும். 1920-க்கு 1080 என்ற முழு எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்ஸல். 4கே என்றால் சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு வேலை. சோபாவில் பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைத்த சந்தோஷமும் நான்கு மடங்கா?

இதில் பெரிய வேடிக்கை, அந்த 83 லட்சத்தையும் நேர்மையாக வரைய இயந்திரங்களால் முடியவில்லை. அதனால் சின்னதாக வரைந்துகொண்டு, செயற்கை நுண்ணறிவை வைத்து ஊகித்துப் பெரிதாக்குகிறார்கள். 2018-ல் என்விடியா இந்த வழியை டிஎல்எஸ்எஸ் என்று கொண்டுவந்தது. 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகளில் இன்னும் ஒரு படி மேலே: நிஜமாக வரைந்த ஒரு ஃபிரேமுக்கு, வெளியானபோது இயந்திரமே கற்பனை செய்த மூன்று ஃபிரேம்கள் வரை இடையில் சொருக முடிந்தது. அதாவது நாலில் மூன்று டூப்ளிகேட்! பட்டனை அழுத்தினால் அந்த மூன்றுக்கும் அது தெரியாது, அவை இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு நடுவே ஊகித்து இட்டு நிரப்பியவை. மீட்டரில் எண் ஏறும், கைக்கும் திரைக்கும் உள்ள வேகம் ஏறாது. இந்த வரிசையின் உச்ச கார்டுக்கு அறிவித்த விலை 1,999 டாலர். பாலில் தண்ணீர் கலந்தால் அளவு கூடத்தான் செய்யும், அதற்காகப் பால் விலையை ஏற்றுவார்களா?

இனி பற்றுப் பக்கத்துக்கு வரலாம். பெரிய கேம் நிறுவனங்கள் செலவுக் கணக்கை வெளியே சொல்லவே சொல்லாது. 2023-ல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்குவது சம்பந்தமான அமெரிக்க நீதிமன்ற வழக்கில் சோனியின் ஆவணம் ஒன்று வெளியானது. ரகசிய எண்களைக் கருப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் அடித்தது தெரிந்துவிட்டது (பத்தாம் வகுப்புப் பையன்கூட இதைவிட ஒழுங்காக அடிப்பான்). 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-க்கு சுமார் 22 கோடி டாலர். 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21.2 கோடி டாலர். இவை கேமை உருவாக்க மட்டும் ஆன செலவு.

சும்மா ஒரு வகுத்தல் போட்டுப் பாருங்கள். 60 டாலர் கேம், ஒரு பைசா குறையாமல் மொத்த விலையும் தயாரித்தவர் கைக்கே வருகிறது என்று வைத்துக்கொண்டாலும், 22 கோடியை எடுக்க ஏறக்குறைய 37 லட்சம் பிரதிகள் விற்க வேண்டும். கடைக்காரன் பங்கு, வரி, விளம்பரம் எல்லாம் சேர்த்தால் அந்தப் புள்ளி எங்கேயோ போய்விடும். இப்படி ஒரு நிலையான செலவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்ட நிறுவனம் புதிதாக ஒன்றை முயற்சி செய்யுமா? போன முறை ஓடியதற்கே 2, 3 என்று எண் போட்டு எடுக்கும். "இப்போ வர்ற கேம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று புலம்புகிறவர்களும், "கிராபிக்ஸ் போன தடவையைவிட நல்லா இல்லை" என்று திட்டுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். முதல் புலம்பலுக்குக் காரணமே இரண்டாவது திட்டுதான் என்பது மட்டும் அவர்களுக்குப் புரிவதில்லை.

காலமும் ஒரு செலவுதான். 'ஜிடிஏ 3' 2001, 'வைஸ் சிட்டி' 2002, 'சான் ஆண்ட்ரியாஸ்' 2004. நான்கு வருடத்துக்குள் மூன்று. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வைஸ் சிட்டியில் பைக் ஓட்டிய தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். 'ஜிடிஏ 5' வந்தது 2013-ல். அடுத்ததை 2025 நவம்பரில் மறுபடியும் ஒத்திப்போட்டு, 2026 நவம்பர் 19 என்று தேதி சொன்னார்கள். 2013-ல் ஏழாம் வகுப்பில் இருந்த பையன் டிகிரி முடித்து, வேலை தேடி, வேலையும் கிடைத்து, இ.எம்.ஐ. கட்டுகிற வயதுக்கு வந்துவிடுவான்.

மனிதர்களின் கணக்கு இதைவிட மோசம். 2024 பிப்ரவரியில் சோனி தன் பிளேஸ்டேஷன் பிரிவில் சுமார் 900 பேரை வேலையை விட்டு அனுப்பியது. லண்டன் ஸ்டுடியோவை இழுத்து மூடியது. ஆட்குறைப்பு நடந்த மற்ற இடங்களின் பெயர்களைப் பாருங்கள்: நாட்டி டாக், கெரில்லா, இன்சோம்னியாக். முதலாவது 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' செய்தவர்கள். இரண்டாவது 'ஹொரைசன்' செய்தவர்கள். மூன்றாவது 'ஸ்பைடர்மேன் 2' செய்தவர்கள். மோசமான கேம் செய்து தோற்றவர்கள் இல்லை. "கிராபிக்ஸ்னா இதுதான்" என்று உலகம் கைகாட்டிய கேம்களைச் செய்தவர்கள்! அதே வருடம் ஆகஸ்ட் 23-ல் சோனியின் 'கான்கார்ட்' வந்தது. பல வருட உழைப்பு, பளபளவென்ற படம். ஆட ஆளில்லை. செப்டம்பர் 6-ல் நிறுத்தினார்கள், அக்டோபரில் அதைச் செய்த ஸ்டுடியோவையே மூடுவதாக அறிவித்தார்கள். சினிமாவில்கூட இரண்டு வாரத்தில் தியேட்டரை விட்டுத் தூக்குவார்கள், ரிலீஸுக்குப் பின் படமே இல்லாமல் போகாது.

வாங்குகிறவர்கள் கேட்பதைத்தானே கம்பெனி கொடுக்கிறது என்பார்கள். வாங்குகிறவர்கள் என்ன கேட்டார்கள் என்பது விற்பனைக் கணக்கில் இருக்கிறது. 1989-ல் நிண்டெண்டோவின் கேம் பாய் வந்தது, பாசி படிந்த பச்சைத் திரை, கலர் கிடையாது. 1990-ல் சேகா, கலர் திரையும் உள்ளே விளக்குமாக கேம் கியர் கொண்டுவந்தது. ஆறு பேட்டரி போட்டால் நாலைந்து மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்காது. கேம் கியர் ஒரு கோடி சொச்சம் விற்றது. கேம் பாய், அதன் கலர் வாரிசையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல். 2006-ல் அதே கதை. பிளேஸ்டேஷன் 3 எச்டி, எக்ஸ்பாக்ஸ் 360 எச்டி, நிண்டெண்டோ வீ மட்டும் பழைய டிவி தரம். வீ விற்றது 10 கோடிக்கு மேல், மற்ற இரண்டும் ஒன்பது கோடியைத் தொடவில்லை. 2009-ல் வெளியே வந்த 'மைன்கிராஃப்ட்' முழுக்க சதுரக் கட்டை. 2023-ல் அது 30 கோடி பிரதிகளைத் தாண்டியதாக அறிவித்தார்கள். 'ஸ்டார்டியூ வேலி' எரிக் பரோன் என்ற ஒரே ஆள் தனியாக உட்கார்ந்து செய்து 2016-ல் விட்டது. கோடிக்கணக்கில் விற்றது. இதையெல்லாம் பார்த்த பிறகும் "மக்கள் கிராபிக்ஸைத்தான் கேட்கிறார்கள்" என்றால் எந்த மக்கள்?

இன்னொரு வாதம் கொஞ்சம் வலுவானது. நல்ல கிராபிக்ஸ் இப்போது மலிவாகிவிட்டது, அன்ரியல் மாதிரி ரெடிமேட் இன்ஜின் இருக்கிறது, 2025-ல் 'கிளேர் அப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33' சின்னக் குழுவால் செய்யப்பட்டு பெரிய கம்பெனிகளோடு போட்டி போட்டதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் குழு மலிவான கருவியை எடுத்துக்கொண்டு, நிஜ உலகத்தை நகலெடுக்காமல் தங்களுக்கென்று ஒரு ஓவிய பாணியை வைத்துக்கொண்டது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் கருவி மலிவு. போட்டியே "யார் அதிகம்" என்று ஆகிவிட்டால், மிச்சம் பிடித்த பணம் அடுத்த குதிரைக்குப் போய்விடும்.

பாணி என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது. 2000-ல் நிண்டெண்டோ ஒரு கண்காட்சியில் 'ஸெல்டா'வின் நாயகன் நிஜ மனிதன் போலச் சண்டையிடும் ஒரு மாதிரிக் காட்சியைக் காட்டியது. அடுத்த வருடம் வந்த நிஜ கேமின் படமோ கார்ட்டூன். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள், குழந்தைத்தனம், ஏமாற்று வேலை என்று திட்டித் தீர்த்தார்கள். அதுதான் 2002-ல் வந்த 'விண்ட் வேக்கர்'. அந்த வருடம் 'அச்சு அசல் நிஜம்' என்று விற்ற கேம்களை இன்று போட்டுப் பார்த்தால் மெழுகு பொம்மைகள் நடப்பது போல இருக்கும். விண்ட் வேக்கரின் கடலும் காற்றும் இன்னும் அப்படியே இருக்கின்றன.

மாற்றிப் பார்த்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1999-ல் 'சைலண்ட் ஹில்' செய்தபோது, பிளேஸ்டேஷனால் ஊரைத் தூரம் வரை வரைய முடியாது என்று மூடுபனியைப் போட்டு மறைத்தார்கள். அந்தப் பனிதான் பயம். அதே தந்திரம் 'சான் ஆண்ட்ரியாஸ்'ஸிலும் இருந்தது. தூரத்தில் ஒரு மங்கல், அதனால் அந்த மாநிலம் முடிவே இல்லாதது போல இருக்கும். 2021-ல் மூன்று பழைய ஜிடிஏ கேம்களையும் 'மேம்படுத்தி' மறுபடி விற்றார்கள். மங்கலை எடுத்துவிட்டார்கள். ஒரு மலை மேல் ஏறி நின்றால் மூன்று நகரமும் ஒரே பார்வையில், ஏதோ கொலு பொம்மை ஊர் போலத் தெரிந்தது! பழைய மங்கலான படங்களைக் கம்ப்யூட்டரை விட்டே கூர்மையாக்கியதில் கடை போர்டுகளில் எழுத்துப் பிழை வேறு. ஒரு டோனட் கடையின் வாசலில் பெரிய நட்டு ஒன்று இருக்கும், போல்ட்டில் திருகுகிற ஆறு மூலை நட்டு. கடைப் பெயரே அந்த நட்டை வைத்துச் சொன்ன சிலேடை. இயந்திரம் அந்த ஆறு மூலையையும் வழவழவென்று தேய்த்து வட்டமாக்கிவிட்டது. ஜோக் போச்சு. கடைசியில் ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டது.

2024 செப்டம்பரில் சோனி பிளேஸ்டேஷன் 5 ப்ரோவை அறிமுகம் செய்தது. மார்க் செர்னி நிதானமாக விளக்கினார். பழைய இயந்திரத்தின் படம் ஒரு பக்கம், புதியது மறுபக்கம். வித்தியாசம் கண்ணில் படுவதற்காகப் படத்தின் ஒரு மூலையைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அறிவித்த விலை 699.99 டாலர். டிஸ்க் போடும் டிரைவ் தனி.